கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு, பேராண்டி

பேராண்டி, ஒங்க ஏரியாவுல பகுதி சபைக் கூட்டம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காகளாம், நீயும் போகப் போறியாம். ஒங்கம்மா போன்ல சொன்னா. கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. வெவரம் தெரியாத பிள்ளை, போன எடத்துல எதாச்சும் நியாயத்தைப் பேசிப்புட்டா என்ன பண்றது? கம்பெனியில நீ பாக்குற மீட்டிங்குன்னு நெனச்சுப் போயிராதப்பா. அங்க பேசுனா சம்பளம் கூடும், இங்க பேசுனா பக்கத்து வீட்டுக்காரன் மொறைப்பான். மேலூர்ப் பக்கம் மந்தையிலயும் பள்ளிக்கூடத் திண்ணையிலயும் கூட்டம் பாத்தே கெழவனானவன் சொல்றேன், கேட்டு நடந்துக்க.

மொதல்ல, நேரத்துக்குப் போயித் தொலைச்சிராத. 11 மணின்னு போட்டிருந்தா 12 மணிக்குப் போ. மொதப் பத்து நிமிசத்துலதான் போன கூட்டத்துல என்ன தீர்மானம் போட்டோம், எதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு வாசிப்பாக. மைக்கு அந்த நேரம் பாத்துத்தான் கரகரங்கும். அதக் கேட்டு நீ என்ன பண்ணப் போற? அதுக்கப்பறம் பொன்னாடை, வாழ்த்துரை, பொன்னாடை போத்துனவருக்கு ஒரு பொன்னாடை. நீ போற நேரத்துக்குச் சரியாப் பஜ்ஜி வரும்.

நாளு வச்சிருக்க அழகைப் பாத்தியா? வருசத்துக்கு நாலு கூட்டம். அதுல மூணு ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. ஏப்ரல் 14 லீவு நாளு, நீ ஊருக்கு வந்துருவ. அடுத்த ரெண்டும் பெரும்பாலும் வேலை நாளு, ஆபீசுக்குப் போயிருவ. ஆக, கூட்டத்துக்குப் போகாம இருக்க அரசாங்கமே ஒனக்கு வசதி பண்ணிக் குடுத்திருக்கு. இதையும் மீறிப் போவேன்னு நிக்கிறியே, நீ யாரு பேரன்?

இந்தச் சபையும் லேசுல வந்ததில்ல. கிராமத்துக்காரனுக்கு 73-வது சட்டத் திருத்தம் 1993-லயே நடைமுறைக்கு வந்து கிராம சபையைக் குடுத்துருச்சு. பட்டணத்துக்காரனுக்கு அதே வருசம் 74-வது திருத்தம் வந்துச்சு. ஆனா அதுல இருந்தது வார்டு கமிட்டி, அதுவும் 3 லட்சம் சனத்துக்கு மேல இருக்க ஊருக்குத்தான். தெருச்சனம் ஒக்காந்து பேச பகுதி சபைன்னு ஒண்ணைத் தமிழ்நாட்டுச் சட்டத்துல எழுதுனது 2010-ல. அதை எப்பிடி நடத்துறதுன்னு விதி எழுதுனது 2022-ல. எடையில குறிஞ்சியே ஒரு தடவை பூத்து ஓஞ்சிருக்கும். மொதக் கூட்டம் 2022 நவம்பர் 1-ல. பம்மல்ல நடந்ததுக்கு முதலமைச்சரே வந்து ஒக்காந்தாரு, சனம் அலைமோதுச்சு. முதலமைச்சர் வராத கூட்டத்துக்கு எத்தனை பேர் வர்றாகன்னு நீ போயி எண்ணிட்டு வந்து சொல்லு.

எங்க பக்கம் மட்டும் ரொம்ப யோக்கியமான்னு கேக்காத. 10,000 சனம் இருக்க ஊராட்சியில 200 பேர் வந்தாக் கோரம் சேந்துரும். அந்த 200-க்கும் நூறு நாள் வேலைக்கு வர்ற பொம்பளையாளுகளைத்தான் கூட்டியாந்து ஒக்கார வைப்பாக. தலைக்கணக்கு முடிஞ்சதும் ‘போயி வேலையைப் பாருங்கத்தா’ம்பாக. ஊரு விதியை நிர்ணயம் பண்ணிட்டு அவுக பாட்டுக்குக் கம்மாக்கரைக்கு மண்ணு வெட்டப் போவாக.

சரி, பேச்சுக்கு வருவோம். ஒங்க கூட்டத்துக்கு உசுரே பார்க்கிங்தான். கார் வாங்குறப்ப எவனும் நிறுத்த எடமிருக்கான்னு பாக்குறதில்ல, தவணை எவ்வளவுன்னு மட்டும் கேப்பான். பெறகு 20 அடி ரோட்டுல ரெண்டு பக்கமும் நிறுத்திட்டுக் குப்பை வண்டிக்காரன் ஏன் வரலைன்னு கூட்டத்துல கத்துவான். போன தடவை ஒன் வீட்டுக்கு வந்தப்ப ஒரு கைவேலை பாத்தேன், அசந்துட்டேன். காலிப் பெயிண்டு வாளி, அது நெறைய சிமெண்டுக் கலவை, நடுவுல நட்டுக்குத்தலா ஒரு இரும்புப் பைப்பு, அதுக்கு மேல தகரத்துல ‘நோ பார்க்கிங்’. காரு வாசல்ல நிக்கிறப்ப வாளி காம்பவுண்டுக்குள்ள கெடக்கு. காரு ஆபீசுக்குக் கெளம்புனதும் வீட்டம்மா அதைத் தரதரன்னு இழுத்துட்டு வந்து ரோட்டுல நிறுத்துறாக. இழுத்து இழுத்து ரோட்டுலயே கோடு விழுந்துருச்சு. சாயந்தரம் வரைக்கும் அது அங்க காவல் நிக்கும். எல்லைச்சாமி கூட மதியத்துல கண்ணசரும், அந்த வாளி அசரல.

நீயும் ஒண்ணுக்கு ரெண்டா வாளி செஞ்சு வச்சுக்க. அந்த ரோடு, மனை பிரிச்சவன் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் குடுத்தது. ஒன் வாசலுக்கு முன்னால இருந்தாலும் ஒன் பத்திரத்துல இல்ல. ஆனா இதைக் கூட்டத்துல சொல்லிறாத. அங்கன ஒக்காந்திருக்க அம்புட்டுப் பேரு வீட்டுலயும் வாளி இருக்கு.

வாளியைப் பத்தி ஒரு முடிவும் வராது. வராதப்ப யாராச்சும் பெரிய மனுசர் எந்திரிச்சு, “பார்க்குல கெழக்குச் சுவத்தை இடிச்சா முப்பது காரு நிக்கும்”பாரு. கைதட்டு காதைப் பொளக்கும். நீயும் தட்டிரு.

அந்தப் பார்க்கு எங்கிருந்து வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதுல்ல? 3,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது முக்கா ஏக்கரை ஒட்டி, மனை பிரிச்சா நூத்துல பத்துப் பங்கைப் பொதுவுக்கு விடணும். ஓ.எஸ்.ஆர். நெலம்பாக. சின்ன மனைப்பிரிவா இருந்தா எடத்துக்குப் பதிலாப் பணமாக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிட்டா நெலமாத்தான் எழுதிக் குடுக்கணும். விட்டவன் தன் கையில இருந்தா விட்டான்? மிச்சத் தொண்ணூறு பங்கு வெலையில அதை ஏத்தி ஒங்ககிட்ட வாங்கிட்டான். அப்ப அந்தப் பார்க்கு ஒங்க காசு. ஒங்க காசுல வாங்குன எடத்தை நீங்களே கைதட்டிக் குடுக்குறப்ப நடுவுல பூந்து கெடுக்க நான் யாரு?

பெங்களூர்க்காரன் இப்பிடி விட்டுக் குடுக்க மாட்டேன்னு ஒரு காலத்துல அடம் பிடிச்சான். பார்க்குன்னு ஒதுக்குன எடத்தைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டத் தூக்கிக் குடுத்தாக. ஆஸ்பத்திரி நல்லதுதானேன்னு சும்மா இருக்காம, சுத்துல குடியிருந்த சனம் கோர்ட்டுக்குப் போச்சு. 1991-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு தீர்ப்பு வந்துருச்சு. நம்மூர்ல பார்க்கு எடத்துக்கு மேல்நிலைத் தொட்டி வரும், ரேஷன் கடை வரும், பம்பு ரூம் வரும், கட்சிக் கொடிக்கம்பம் வரும். எதுவும் வரலைன்னா ராத்திரியோட ராத்திரியாப் பிள்ளையாரு வந்து ஒக்காந்துருவாரு. எல்லாம் நல்ல காரியந்தான். நல்ல காரியம்னு சொல்லித்தானப்பா எடம் எடுப்பாய்ங்க, கெட்ட காரியத்துக்கு எவன் தீர்மானம் போடுறான்?

அந்தப் பார்க்குல கிரிக்கெட் ஆடுற பயலுகளைப் பத்திக் கவலைப்படாத. பகுதி சபையில பேச வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். பத்து வயசுப் பய ‘எனக்கு வெளையாட எடம் வேணும்’னு எந்திரிச்சுச் சொல்ல இன்னும் எட்டு வருசம் கெடக்கு. அதுக்குள்ள அங்க காரு நிக்கும். அவனும் ஒரு காரு வாங்கிருவான்.

அடுத்து சமுதாயக் கூடம், பொதுக் கழிப்பறை, குப்பைத் தொட்டி. எல்லாருக்கும் எல்லாமும் வேணும், எவன் தெருவுலயும் வேண்டாம். இதுக்கு ஒங்க ஊர்ல ஒரு தந்திரம் வச்சிருக்காக. கூட்டத்துக்கு எந்தத் தெருவுல இருந்து ஆளு வரலைன்னு ஒரு பார்வை பாக்குறது, அந்தத் தெருவு முக்குக்குக் குப்பைத் தொட்டியை நகத்துறது. ஒரு பய மறுக்க மாட்டான், மறுக்கத்தான் ஆளே வரலையே. விடியக்காலம் அந்தத் தெருக்காரன் பால் பாக்கெட் எடுக்க வந்தா வாசல்ல தொட்டி நிக்கும். ‘யாரைக் கேட்டு வச்சீங்க?’ன்னு குதிப்பான். கூட்டத்தைக் கேட்டு வச்சோம்பாக. சட்டப்படி சரி.

ஒங்க குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் பகுதி சபைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மட்டும் மறந்துரு. சங்கம் நீங்களாக் கூடி 1975-ஆம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சுக்கிட்டது. ஒங்க சங்கத்துல சொந்த வீட்டுக்காரன்தான் வாயைத் தொறக்கலாம். பகுதி சபையில அப்பிடியில்ல, அந்தப் பகுதி ஓட்டுப் பட்டியல்ல பேர் இருந்தா வாடகைக்காரனும் தைரியமாப் பேசலாம். இதை மாடி வீட்டு வாடகைக்காரங்ககிட்டச் சொல்லிறாத. தண்ணி மோட்டார், பார்க்கிங்னு அவுக ஆரம்பிச்சா ராத்திரியாயிரும்.

சொந்த வீடு இருந்தாத்தான் சபைங்கிறது ஒங்க சங்கம் கண்டுபிடிச்சதில்ல. உத்திரமேரூர்ச் சுவத்துல முதலாம் பராந்தகச் சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும், கல்லுல வெட்டியே வச்சிட்டாக. ஊரை 30 குடும்பா, அதாவது வார்டு மாதிரி, பிரிச்சுக் குடவோலையில ஆளெடுப்பாக. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நெலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பிராமணர் சபை அது, நம்ம பாட்டன் பூட்டன் வெளிய நின்னுதான் பாத்திருப்பான், அது வேற கதை. ஆனா அதே கல்லுல இன்னொரு விதியும் இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக் கூடாது. அவன் பேரு மட்டுமில்ல, அவன் மகன், மருமகன், மாமன், மச்சினன், அத்தை மகன் எவன் பேரும் கூடாது.

ஒங்க சங்கத்துல மொத விதியைப் பத்திரமாக் காப்பாத்தி வச்சிருக்காய்ங்க. ரெண்டாவது விதிதான் ஆயிரத்து நூறு வருசத்துல வழியில எங்கயோ விழுந்துருச்சு. எடுத்துச் சொல்லிறாத பேராண்டி. செயலாளரும் பொருளாளரும் கணக்குப் பாக்குறவரும் மாமன் மச்சான்னு நீதான சொன்ன? பகுதி சபையில அந்தக் குடமும் கெடையாது. பகுதிக்குப் பிரதிநிதியை மாமன்றம் நியமிக்கும். ஓலை நறுக்குற வேலையும் மிச்சம்.

கடைசியாத் தீர்மானப் புத்தகம். வாசல்லயே நீட்டுவாக. பேரு, கதவு எண், கையெழுத்து. மேல பாதிப் பக்கம் வெறுசாக் கெடக்கும். “போட்டுட்டுப் போங்க சார், அப்பறம் எழுதிக்கிறோம்”பாக. நீ போட்டுரு. எங்க பக்கத்து ஊராட்சி ஒண்ணுல அந்தப் புத்தகத்தை ஒரு தடவை பெரட்டிப் பாத்தேன். கையெழுத்தெல்லாம் நீல மை, தீர்மானம் மட்டும் கறுப்பு மை. எடம் பத்தாம எழுத்து நுணுகி நுணுகி, கடைசி ரெண்டு வரி மொதக் கையெழுத்து மேலயே ஏறி நிக்குது. ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’னு முடிஞ்சிருக்கு. ஏகமனசுன்னா ஏகமனசுதான், எழுதுனவரு ஒருத்தர்தானே.

எதையும் எழுதிக் குடுக்கவும் கூடாது. வாயால சொன்னா “பாக்குறோம் சார்”னு மரியாதையா அனுப்பிருவாக. எழுதிக் குடுத்தா ஒப்புகைச் சீட்டுக் கேப்ப, அடுத்த கூட்டத்துல அதைக் காட்டிப் பதில் கேப்ப. தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு 2005-ல வந்துருக்கு. 10 ரூபா கட்டி மனுப்போட்டாத் தீர்மான நகலுக்கு 30 நாள்ல பதில் சொல்லியாகணும். அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு உளுந்த வடை வாங்கித் தின்னு, வயிறாச்சும் நெறையும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. எங்க அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பர்ல ஏலம் முடிச்சாக. அதே மாசம் 23-ந் தேதி கிராம சபை. சுத்துப்பட்டு ஊருகள்ல வேண்டாம்னு தீர்மானம் போட்டாக. கூட்டமே எட்டிப் பாக்காத ஆளுக கூட அன்னைக்குக் கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தாக. ஜனவரியில மதுரைக்கு ஊர்வலமாப் போனாக. அந்த மாசமே டெல்லியில ஏலத்தை ரத்துப் பண்ணிட்டாக. தீர்மானத்தால மட்டும் நடந்துச்சுன்னு சொல்லல, நடந்த காலுக்கும் கத்துன தொண்டைக்கும் பங்கு உண்டு. ஆனா டெல்லிக்காரன்கிட்ட ஊரு என்ன சொல்லுச்சுன்னு காட்டக் கையில தாளு இருந்துச்சு.

இம்புட்டுச் சொல்லியும் நீ போகத்தான் போற, எனக்குத் தெரியும். அப்ப இதையும் கேட்டுக்க. 10.50-க்கே போயி முன் பெஞ்சுல ஒக்காரு. மாடி வீட்டு வாடகைக்காரங்களையும் கூட்டிட்டுப் போ. கெளம்புறப்ப ஒன் வீட்டு வாளியை உள்ள எடுத்து வையி. தீர்மானத்தை எழுதி முடிச்சுச் சத்தமா வாசிச்சுக் காட்டுற வரைக்கும் பேனா ஒன் சட்டைப் பையிலயே இருக்கட்டும்.