பெங்குவின் சித்தப்பா

ஏழரைக்குப் படம் போடலாம் என்று சித்தி சொன்னால், ஆறு மணிக்கே மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவார் பெங்குவின் சித்தப்பா. அந்த ஒன்றரை மணி நேரமும் ஓடுவது வேறொரு படம்: கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, நடுநடுவே நாயகனின் பெருமூச்சு.

கணினி மூடியில் ஒட்டிய, லினக்ஸின் சின்னமான பெங்குவின் ஸ்டிக்கரால் வந்த பெயர். விண்டோஸ் கணினியைத் தொட நேர்ந்தால் தீட்டுப்பட்டவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். இவரைப்போல் ஒருவர் உங்கள் உறவிலும் இருப்பார். கல்யாண வீட்டில் வைஃபை வேலை செய்யாதபோதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

படத்தைத் தொட்டதும் ஃபயர்பாக்ஸின் தலையில் ஒரு பட்டை எட்டிப்பார்க்கும்: டிஆர்எம்மை இயக்க வேண்டும். சித்தப்பா அதைக் கிரயப் பத்திரம்போல் படிப்பார். "டிஆர்எம்னா டிஜிட்டல் உரிமை மேலாண்மையாம்! கட்டற்ற மென்பொருளுக்குக் கொடி பிடிச்ச ஸ்டால்மன் சொல்றதுதான் சரி. உரிமை இல்லைடா, கட்டுப்பாடு!" பிறகு யாரும் பார்க்காதபோது பொத்தானை அழுத்திவிடுவார். கூகுள் 2010இல் வாங்கிய வைட்வைன் என்ற பூட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல், அவருடைய திறந்த வீட்டுக்குள் குடியேறும்.

நெட்ஃபிளிக்ஸுக்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் செருகுநிரல் தேவைப்பட்ட காலத்துக் கொடுமைகளையும் விவரிப்பார். 2014இல் குரோம் வழியாகக் கதவு திறக்கும்வரை லினக்ஸ்காரர்கள் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கப் பட்ட பாட்டைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்ததே 2016இல்தான் என்பதை நாங்கள் நினைவூட்டுவதில்லை. பெரியவர், மனசு கஷ்டப்படும்.

செப்டம்பர் 18 அவருக்கு விரத நாள். 2017இல் அன்றுதான் வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, இந்தப் பூட்டுகளுக்கு உலாவியில் இடம் தரும் இஎம்இ தரத்தை ஏற்றது; இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அன்றே டபிள்யூ3சியிலிருந்து விலகியது. சித்தப்பா வருடா வருடம் அன்றைக்கு ஓடிடி பார்ப்பதில்லை. மற்ற நாட்களிலும் சரியாகப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒருவழியாகப் படம் ஓடும். ஓடினால், கதாநாயகன் முகத்தில் இருப்பது மீசையா நிழலா என்று பட்டிமன்றம் வைக்கலாம். 4கே திட்டத்துக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறார். ஆனால் வைட்வைனில் மூன்று படிகள். சிப்புக்குள்ளேயே பத்திரமான அறை வைத்துப் பூட்டைத் திறக்கும் கருவிகளுக்கு முதல் படி. மென்பொருளை மட்டும் நம்பும் லினக்ஸ் உலாவிக்குக் கடைசிப் படி. அந்தப் பந்திக்குக் கம்பெனி பரிமாறுவது தண்ணீர்ச் சாம்பார்தான்.

"டோரண்ட்ல தெளிவா கிடைக்குது சித்தப்பா" என்று நான் ஒருமுறை வாயை விட்டேன். "பூட்டு வேண்டாம்னுதான்டா சொல்றேன், திருடச் சொல்லலை!" என்று சீறினார். காசு கொடுத்தவருக்குக் கலங்கல், கொடுக்காதவனுக்குத் தெளிவு. அதையும் பொறுத்துக்கொண்டு மாதச் சந்தாவை நாள் தவறாமல் கட்டுகிற மனிதர்.

போன சனிக்கிழமை எட்டே காலுக்குச் சித்தியின் பொறுமை தீர்ந்தது. ரிமோட்டை எடுத்து ஆண்ட்ராய்டு டிவியில் அதே படத்தைப் போட்டார். மீசை முடி ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. சித்தப்பா மடிக்கணினியை மூடிவிட்டுச் சோபாவின் ஓரத்தில் மெல்ல வந்து உட்கார்ந்தார். இடைவேளைவரைதான் தாக்குப்பிடித்தார்.

"இந்த டிவிக்குள்ள ஓடறதும் லினக்ஸ் கெர்னல்தான், தெரியுமா?"

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லினக்ஸா? சத்தமே போடாம ஓடுதே!"