மிச்சம் பிடிக்கப் போனவர்

டெக்சாஸ், ஒஹையோ, மொன்டானா என்று அமெரிக்காவின் எந்த மாநிலத்துக்குப் போனாலும் ஊருக்கு ஒருவராவது இவரைப் போல் இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு. வீட்டுக் கார் ஷெட்டில் கார் தவிர மற்ற எல்லாம் இருக்கும். கார் தெருவில் வெயில் காயும். ஷெட்டின் நடுவில், முட்டுக் கொடுத்து நிற்பது 1979ஆம் வருடத்து ஃபோர்டு பிக்கப். தாத்தா ஓட்டினார், அப்பா ஓட்டினார். இவர் பிரித்துப் போட்டிருக்கிறார்.

"பெட்ரோலை இந்தக் குடி குடித்தால் எப்படி? காலனுக்குப் பத்து மைல்கூடத் தர மாட்டேன் என்கிறது. டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தால் பதினெட்டு வரும். மிச்சமாகிற காசைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!" என்பார். போட்டுப் பார்க்கக் கூடாது. கடந்த இருபது வருடங்களில் பெரும்பாலும் அங்கே பெட்ரோலைவிட டீசலுக்குத்தான் விலை அதிகம்.

எந்த டீசல் எஞ்சின் என்று கேட்கவே வேண்டாம். 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ். ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. பெயரைச் சொல்லும்போதே குரல் தழையும். கம்ப்யூட்டர் கிடையாது. டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கு ஒரு வயரில் கரண்ட் கொடுத்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். நம்மூர் நெடுஞ்சாலைகளில் டாடா லாரிகளை இழுத்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான், ஜாம்ஷெட்பூரில் தயாரானது. "லாரி எஞ்சின் பிக்கப்புக்கு எதற்கு சார்?" என்று கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஃபோர்டும் டாட்ஜும் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத குடும்பங்கள். இதன் கியர்பாக்ஸ் துளையும் அதன் எஞ்சின் துளையும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. அதனால் தரகராக ஓர் அடாப்டர் பிளேட் நடுவில் வந்து உட்காரும். சம்பந்தம் பேசி முடித்த பிறகுதான் சீர்வரிசைப் பட்டியல் நீளும். மாப்பிள்ளை கம்மின்ஸின் எடை சுமார் ஐந்நூறு கிலோ. பழைய பெட்ரோல் எஞ்சினைவிட இருநூறு கிலோவுக்கு மேல் அதிகம். எனவே முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை என்பதால் ஆள் நீளம். ரேடியேட்டரைத் தள்ளி வைக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில்தான் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைத்துக்கொண்டிருந்தது. டீசலில் அது கிடையாது. தனியாக ஒரு பம்ப். நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் போனால் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கும். அதனால் பின் ஆக்சிலின் பல் கணக்கையே மாற்ற வேண்டும். இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் டாங்குக்குத் திரும்பி வர இன்னொரு குழாய்.

"இந்த வாரக் கடைசியில் முடிந்துவிடும்" என்பார் மனைவியிடம்.

"எந்த வருஷம்?" என்பார் அந்த அம்மாள்.

ஆனால் ஓர் இடத்தில் இவரைக் கேலி செய்ய முடியாது. அந்த எஞ்சினின் முன்பக்கம், டைமிங் கியர்களை மூடும் உறைக்குள், விரல் நுனி அளவுக்கு ஓர் எஃகு முளை உண்டு. வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல நழுவிப் பற்களுக்கு நடுவில் விழுந்தால் கதை முடிந்தது. கொலைகார பின் என்றே அதற்குப் பட்டப்பெயர். எஞ்சினை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சின்னத் தகடு ஒன்றை வைத்து அந்த முளை வெளியே வராதபடி போல்ட் போட்டு முடுக்குவார். அப்போது போன் அடித்தால் எடுக்க மாட்டார். கூப்பிட்டாலும் காதில் விழாது.

இத்தனைக்கும் எஞ்சின் எங்கிருந்து வந்தது? கொல்லையில் ஓடுகிற நிலையில் ஒரு டாட்ஜ் ராம் நின்றுகொண்டிருந்தது. முழு வண்டி. டீசல் பிக்கப். சாவியைத் திருகினால் கிளம்பும். அதை விலை கொடுத்து வாங்கி, குடலை உருவி, பெட்ரோல் பிக்கப்பை டீசல் பிக்கப் ஆக்கியிருக்கிறார்.

"அதையே ஓட்டியிருக்கலாமே?"

"அது டாட்ஜ்!"

ஒருவழியாக ஒரு நாள் எஞ்சின் உயிர் பிடிக்கும். தடதடவென்ற சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இவர் கண் கலங்கும். முதல் சவாரி இரண்டு மைல் தள்ளியிருக்கும் ஹார்டுவேர் கடைக்கு. விட்டுப்போன ஒரு போல்ட் வாங்க. அதன் பிறகும் வண்டி பெரும்பாலும் அந்தக் கடைக்குத்தான் போகும். செலவழித்த ஆயிரக்கணக்கான டாலரை இந்த ஓட்டத்தில் மீட்க வேண்டுமானால் பேரன் காலம் வரை ஓட்ட வேண்டும்.

இப்போது அவர் பார்வை கொல்லைப் பக்கம் போகிறது. அங்கே எஞ்சின் இல்லாத டாட்ஜ். பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி இல்லாத ஃபோர்டு எஞ்சின்.

இவரைச் சந்தித்தால் பிஸ்டனைப் பற்றிக் கேளுங்கள், பம்பைப் பற்றிக் கேளுங்கள். காபி கொடுத்துச் சாயங்காலம் வரை சொல்வார். எவ்வளவு மிச்சமாயிற்று என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அதுவும் அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது.