தலைமயிர் வெட்டியாச்சு, பந்து எங்க மோனை?

என்ன தம்பி, தலையின்ர ரெண்டு பக்கத்தையும் வழிச்சுப்போட்டு நடுவில மட்டும் விட்டு வைச்சிருக்கிறாய்? முழு மொட்டையெண்டால் செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி எண்டு விளங்கும். இது எந்தக் கோயிலுக்கு? ஓ, ஜேர்மன் ஆட்டக்காரன் ஒருத்தன் இப்பிடித்தான் வெட்டியிருக்கிறானோ? நல்லது. காலில கிடக்கிற செம்மஞ்சள் பூட்ஸ்? கொண்ணை சுவிஸில இருந்து அனுப்பினதோ. திரும்பு பாப்பம். முதுகில ‘விர்ட்ஸ்’ எண்டு கிடக்கு. உன்ர பேரை எழுத முதுகில இடம் காணாமல் போச்சாக்கும்.

கிழவனுக்கு என்ன தெரியும் எண்டு சிரிக்காதை. என்னட்டையும் போன் கிடக்கு. உவரைப் பற்றி நானும் விசாரிச்சனான். புளோரியான் விர்ட்ஸ், 2003 மே மாதம் பிறந்தவன். கொலோன் நகரத்துக்குப் பக்கத்து ஊர். பத்துப் பிள்ளையள் பிறந்த வீட்டில கடைக்குட்டி. தகப்பன் ஊர்க் கழகத்தின்ர தலைவர். தமக்கை ஒருத்தியும் சம்பளத்துக்குப் பந்தடிக்கிறா. பதினேழு வயதில, 2020 மேயில, லெவர்குசன் அணிக்கு இறங்கினான். அடுத்த மாதமே பயேர்ண் மியூனிக்குக்கு எதிரா ஒரு கோல் போட்டான். 2022 மார்ச்சில முழங்கால் சவ்வு அறுந்துது. அதுவும் ஆரோட விளையாடேக்க? தன்னைச் சின்னனில இருந்து வளத்துவிட்ட கொலோன் கழகத்தோட. பத்து மாசம் மட்ச் இல்லை. கட்டார் உலகக்கிண்ணமும் கைவிட்டுப் போச்சு. 2024இல லெவர்குசன் லீக்கில ஒரு மட்சும் தோக்காமல் சம்பியன் ஆச்சுது. சம்பியன் எண்டு உறுதியான அண்டைக்கு உவன் தனிய மூண்டு கோல். 2025இல லிவர்பூல் வாங்கினது. விலை பத்துக் கோடி பவுண். அதுக்கு மேல இன்னும் ஒரு கோடி அறுபது லட்சம் வரைக்கும் போகலாமாம்.

இவ்வளவையும் சொன்னன். உன்ர காதில விழுந்தது எது? கடைசி வரி. எனக்குத் தெரியும், பவுண் எண்ட உடன கண் பெருத்திட்டுது. அந்த முழங்கால் வரி விழுந்துதோ? பத்து மாசம் எண்டால் ரெண்டு போகம் வெங்காயம் நட்டுக் கிண்டலாம். அவ்வளவு நாளும் அந்தப் பொடியன் ஒரு காலை மடக்கி நீட்டப் பழகிக்கொண்டிருந்தவன். அதை ஆரும் ரீசேட்டில அடிச்சு விக்க மாட்டினம். இவ்வளவு விலைக்குப் போனவன் லிவர்பூலில முதல் லீக் கோல் அடிக்க மாசக்கணக்காப் போச்சுது, அது தெரியுமோ?

நடுக்களத்தில ஆடப்போறன் எண்டுறாய். நடுக்களம் எண்டால் என்ன, சொல்லு பாப்பம். முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிறவனுக்கு மாலை. பின்னுக்கு நிண்டு மறிக்கிறவனுக்கு முதுகில தட்டு. நடுவில நிக்கிறவன் கலியாண வீட்டில பந்தி பாக்கிறவன் மாதிரி. எந்த இலையில சோறு முடிஞ்சுது, எந்த இலைக்கு மோர் வரேல்லை எண்டு கேட்காமலே தெரியவேணும். பந்தி முடிய அல்பத்தில தேடிப்பார், ஒரு படத்திலயும் அவன் இருக்கமாட்டான். நீயோ ரெண்டு மணித்தியால ஆட்டத்தில பத்துச் செக்கன் வெட்டி, பாட்டுப்போட்டு, ஸ்ரேற்றஸில விடுறாய். அந்தப் பத்துச் செக்கனுக்குப் பிறகு பந்து ஆரிட்டப் போச்சுது? எதிர் அணியிட்டை. அதைத்தான் வெட்டினனீ, என்ன?

ஜேர்மன்காரன் இருக்கட்டும். எங்கட ஆளுக்கு வருவம். விமல் யோகநாதனைக் கேள்விப்பட்டிருப்பாய். 2006இல பிறந்தவன். வேல்ஸின்ர வடக்குப் பக்கத்தில ட்ரெலாவ்னிட் எண்ட சின்னக் கிராமம். தாய் தகப்பன் இலங்கைத் தமிழர். லிவர்பூல் அக்கடமியில பழகி, பிறகு பார்ன்ஸ்லிக்குப் போனவன். 2023இல, பதினேழு வயதில, லீக் கிண்ணத்தில பார்ன்ஸ்லியின்ர பெரிய அணிக்கு இறங்கினான். இங்கிலாந்தில தொழிலாப் பந்தடிக்கிற முதல் தமிழன் எண்டு பேப்பர்கள் எழுதினது. அவனும் நடுக்களம்தான்.

அந்தச் செய்தி வந்த உடன இஞ்ச நடந்த கூத்தைச் சொல்லட்டே? வட்சப் குழு எல்லாம் குலுங்கிச்சுது. ஒருத்தர் ‘எங்கட ஊர்’ எண்டார். இன்னொருத்தர் ‘இல்லை, எங்கட ஊர்’ எண்டார். ரெண்டு பேரும் எல்லைக்கல்லு பிடுங்காத குறை. மூண்டாமவர் ‘ஒருவழியில எங்களுக்குச் சொந்தம்’ எண்டார். எந்த வழி எண்டு கேட்டால் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பவேணும். லிவர்பூலுக்கே விளையாடுறான் எண்டு ஒருத்தர் கிளப்பிவிட்டார். அக்கடமி எண்ட சொல்லை மட்டும் அவர் வடிவா விழுங்கிப்போட்டார்.

பார்ன்ஸ்லி எண்டால் நிலக்கரி தோண்டின ஊர் மோனை. அவன் இறங்கேக்க கழகம் இங்கிலாந்து லீக்கின்ர மூண்டாம் படியில நிண்டது. 1912இல ஒருக்கா எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தவை, பிறகு இன்னும் பாத்துக்கொண்டு இருக்கினம். மூண்டாம் படி எண்ட உடன உன்ர மூஞ்சை ஏன் சுருங்குது? அங்க குளிரில, சேத்தில, முப்பது வயது ஆம்பிளையள் வந்து மோதேக்க ஒரு பதினேழு வயதுப் பொடியன் விழாமல் நிக்கிறான் எண்டால் அது சின்ன விசயமோ? உன்னை அந்தச் சேத்தில இறக்கினால் முதல் வேலையா என்ன செய்வாய்? பூட்ஸைத் துடைப்பாய்.

பகிடி அதில்லை. விமலைச் சொந்தம் கொண்டாடின அதே மனிசன் அண்டு பின்னேரம் படலையில நிண்டு தன்ர மேனைப் பாத்து என்ன சொன்னவர் தெரியுமோ? ‘இனிப் பந்தைக் கண்டன், கிணத்துக்கை போடுவன். ரியூசனுக்குப் போ.’ வேல்ஸில பந்தடிச்சால் பெருமை, வேலிக்கு இஞ்சால அடிச்சால் வினை.

இன்னொண்டும் கேள். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில ஜேர்மன்காரர் ஒரு மட்சும் வெல்லாமல் வீடு போனவை. வெக்கப்பட்டவை. வெக்கப்பட்டு என்ன செய்தவை? பெரிய கழகம் எல்லாம் பொடியளுக்கு அக்கடமி வைக்கவேணும் எண்டு கட்டாயமாக்கினவை. நாடு முழுக்க முந்நூறுக்கு மேல பயிற்சி நிலையம் திறந்தவை. 2014இல உலகக்கிண்ணம் வீட்டுக்கு வந்துது. பதினாலு வருசம் பொறுத்தவை. நாங்கள் தோத்தால் என்ன செய்வம்? றெஃபறியை அடிப்பம். அவர் ஓடித் தப்பினால் கழகத்தை ரெண்டா உடைப்பம். ஒரே ஊருக்கு ரெண்டு கழகம், ரெண்டு தலைவர், ரெண்டு பொருளாளர், பந்து மட்டும் ஒண்டு. அதுக்கும் காத்து இல்லை.

இப்ப 2024இல இருந்து அங்க புதுச் சட்டம். சின்னப் பிள்ளையளுக்குப் பெரிய மைதானம் வேண்டாம். ரெண்டு பேரோட ரெண்டு பேர், மூண்டு பேரோட மூண்டு பேர், நாலு குட்டிக் கோல். பத்து வயதுப் பிள்ளைக்குப் புள்ளிப் பட்டியலும் இல்லை. ஆர் முதலாம் இடம், ஆர் கடைசி எண்டு எழுதி ஒட்டமாட்டினம். எல்லாப் பிள்ளைக்கும் காலில பந்து படவேணும், அவ்வளவுதான். படிச்ச ஆக்கள் கூடி, ஆராய்ஞ்சு, அறிக்கை எழுதிக் கண்டுபிடிச்சது. நாங்கள் குருநகரிலயும் பாசையூரிலயும் நாவாந்துறையிலயும் ஒழுங்கைக்குள்ள ரெண்டு சோடி செருப்பைக் கழட்டி வைச்சு இதைத்தானே செய்தனாங்கள்? எங்களுக்கு ஆரும் அறிக்கை எழுதேல்லை. செருப்பைக் காணேல்லை எண்டு அம்மா அடிச்சது மட்டும் மிச்சம்.

இப்ப அந்த ஒழுங்கைக்குப் போய்ப் பார். கல்லுப்போட்டுத் தார் ஊத்தியாச்சு. மோட்டச்சைக்கிள் பறக்குது. பிள்ளையைக் காணேல்லை. எங்க? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில். அவங்கள் பத்து வயதுக்குப் புள்ளிப் பட்டியல் வேண்டாம் எண்டு சட்டம் போடுறாங்கள், நாங்கள் பத்து வயதுக்கு வெட்டுப்புள்ளி வைச்சு, மாலை போட்டு, படம் எடுத்து, பள்ளிக்கூட மதிலில பனர் கட்டுறம். வெட்டுப்புள்ளிக்கு ரெண்டு புள்ளி குறைஞ்ச பிள்ளை அந்தப் பனருக்குக் கீழால குனிஞ்சு போகுது. ஆருக்குத் தம்பி விசர், அவங்களுக்கோ எங்களுக்கோ?

சோதனை எண்ட உடன காய் ஹாவேர்ட்ஸின்ர கதை ஞாபகம் வருது. உதை உன்ர அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, பிழையா விளங்குவா. அவனும் லெவர்குசன்தான், அப்ப நடுக்களம். 2017 மார்ச்சில சம்பியன்ஸ் லீக். மத்ரித்தில அத்லெத்திக்கோவோட மட்ச். பொடியன் போகேல்லை. காலில காயமோ? இல்லை. பள்ளிக்கூடத்தில சோதனை. கழகமே ‘நீ இருந்து எழுது’ எண்டு விட்டுட்டுப் போச்சுது. நாலு வருசம் கழிச்சு, 2021இல, அதே சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில செல்சிக்கு வெற்றிக் கோல் அடிச்சவன் அவன்தான். எங்கட அம்மாமார் இதைக் கேட்டால் ‘பாத்தியே, ஜேர்மன்காரனே சோதனை எழுதுறான்’ எண்டு முதல் பாதியை மட்டும் பிடிப்பினம். அவன் சோதனைக்காக ஒரு மட்சை விட்டவன். நீங்கள் சோதனைக்காகப் பந்தையே விடுறியள். பிறகு ஏ.எல். முடிஞ்சு, வெளிநாட்டுக்குப் போய், குளிருக்கை ஞாயிற்றுக்கிழமை காலமை வயிறு குலுங்க ‘ஊர் ஒன்றியக் கிண்ணம்’ விளையாடி முழங்காலை முறிக்கிறியள்.

அந்த ஒன்றியக்காரர் அனுப்புற காசில இஞ்ச நடக்கிற சுற்றுப்போட்டியையும் பார்க்கவேணும். ஞாபகார்த்தக் கிண்ணம், மின்னொளியில. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு பேச்சு. ‘ரத்தினச் சுருக்கமா’ எண்டு தொடங்கி முக்கால் மணித்தியாலம். பொடியள் வரிசையில நிண்டு கால் விறைச்சுப் போகினம். விருந்தினர் பந்தை உதைச்சுத் தொடக்கி வைக்கிறார், சப்பாத்துத்தான் தூரப் போகுது. துரையப்பா விளையாட்டரங்கைக்கூட 2016 யூனில திருத்தித் திறக்கேக்க இந்தியப் பிரதமர் டெல்லியில இருந்து வீடியோவில வந்தவர். அரங்கு வடிவுதான். திறக்கிறதில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இலங்கைக் கால்பந்துச் சங்கத்தில மேல இருக்கிறவையும் எங்களுக்குச் சளைச்சவையில்லை. 2021 யூனில தென்கொரியாவில லெபனானோட உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். மூண்டுக்கு ரெண்டு எண்டு தோத்தம். அந்த ரெண்டு கோலும் ஆர் அடிச்சது? வசீம் ராசிக், பேர்லினில பிறந்தவன். ஜேர்மன்காரன் வளத்துத் தந்த காலில நாங்கள் கோல் அடிச்சம். நல்லது, இன்னும் ரெண்டு பேரை வளப்பம் எண்டு நினைச்சினமோ? நாற்காலிக்கு அடிபட்டினம். அரசியல் உள்ள புகுந்திட்டுது எண்டு 2023 ஜனவரியில ஃபீஃபா நாட்டையே தூக்கி வெளியில வைச்சுது. ஓகஸ்டிலதான் திரும்ப எடுத்தது. பந்தடிக்கிறவனுக்குத்தான் சிவப்பு மட்டை எண்டு நினைச்சனான், நாட்டுக்கும் குடுக்கலாம் எண்டு அண்டுதான் கண்டன்.

தெல்லிப்பழை மகாஜனாப் பெட்டையளைப் பார். தேசிய மட்டத்தில கிண்ணம் கிண்ணமா வெண்டு கொண்டு வந்தவையள். அவையள் எந்தச் சலூனுக்குப் போட்டு வந்து வெண்டவையள்? எந்தச் செம்மஞ்சள் பூட்ஸ்? விடியக் காலமை மைதானத்துக்கு வந்தவையள். அவ்வளவுதான் இரகசியம். இதை ஸ்ரேற்றஸில போட ஏலாது, பாட்டுக்குப் பொருந்தாது.

சரி, கோவிக்காதை. எழும்பு. உன்ர விர்ட்ஸ் வலக்காலன்தான், எண்டாலும் இடக்காலாலயும் வடிவாக் குடுக்கிறான். நான் பாத்தனான். நீ ஒருக்கா அந்தச் சுவருக்கு இடக்காலால குடு பாப்பம்.

அட. பந்து வேலிக்கு மேலால போட்டுது.

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, இருட்டும் மட்டும் குடு. ஏலாது எண்டால் சொல்லு, பாதகமில்லை. இடக்கால் பூட்ஸைக் கழட்டித் தா, வித்துப்போடுவம். கொண்ணைக்குப் பாதிக் காசாவது மிஞ்சும்.