ஸ்டார்ட்டரின் பேரன்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மோட்டார் வாங்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இது எரிஞ்சா யாரு காயில் கட்டுவா?" என்பதுதான். எரியாது என்று எவரும் நம்பவில்லை. கோயம்புத்தூர் மோட்டாரை எங்கள் அய்யா ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் உள்ளே செம்பு இருக்கிறது. அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

இன்று தேனியில் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர், வீட்டுச் சுவரில் மாட்ட சார்ஜர் தேடுகிறார். ஆப் உண்டா, வைஃபை உண்டா, நீல விளக்கு எரியுமா என்று விசாரிக்கிறார். கெட்டுப்போனால் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் சந்தோஷப்படுகிறார். தூரத்திலிருந்து வருகிறவர் கெட்டிக்காரர் என்பது நம் ஊர் நம்பிக்கை.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி சார்ஜரே இல்லை. ஏசியை டிசியாக மாற்றுகிற சார்ஜர் காருக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுவரில் தொங்குவது ஒரு கான்டாக்டர், கசிவு வந்தால் வெட்டிவிடும் ஏற்பாடு, எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று காரிடம் சொல்லும் ஒரு சின்ன சர்க்யூட். மோட்டார் ரூமில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானுமாக இருந்த ஸ்டார்ட்டரின் பேரன், கொஞ்சம் படித்தவன். கான்டாக்டர் போனால் அதை மட்டும் மாற்றலாமா, பெட்டியையே மாற்ற வேண்டுமா என்பதைத்தான் கடையில் கேட்க வேண்டும். யாரும் கேட்பதில்லை.

தாத்தாவைக் கொன்றவர்கள் யார் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முதல் ஆள் பல்லி. சூட்டுக்கு ஸ்டார்ட்டருக்குள் போய்ப் படுத்து, இரண்டு பேஸுக்கு நடுவே கால் நீட்டும். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பலன் எழுதிய பஞ்சாங்கம், ஸ்டார்ட்டரில் விழுந்தால் திராட்சைக்குத் தண்ணீர் கிடையாது என்பதை எழுதவில்லை. ஆகவே ஐபி 65 என்று பெட்டியில் போட்டிருந்தால் அதைப் பல்லிக் கணக்கில்தான் நான் படிப்பேன். 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் புகாது. தூசிக்கே இடமில்லாத வீட்டில் பல்லி எப்படிக் குடியேறும்? கேபிளுக்குப் பெரிய ஓட்டை போட்டுவிட்டு கிளாண்டு மாட்டாமல் போகும் எலக்ட்ரீஷியன் மனது வைத்தால் குடியேறலாம்.

அடுத்தது வோல்டேஜ். தேக்கடித் தண்ணீர் நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கிக் கரண்டாகும் லோயர் கேம்ப் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் லைனின் கடைக்கோடியில் கிணறு இருந்தால் லோயர் கேம்ப் என்ன செய்யும்? மூன்றில் ஒரு பேஸ் போனால் கண்டன்சர் போட்டு ஓட்டத் தெரியாத தோட்டக்காரர் கிடையாது. மோட்டாரும் உறுமிக்கொண்டே உழைத்து ஒரு நாள் கருகும். சுவர்ப் பெட்டிக்கு அந்த விசுவாசம் இல்லை. வோல்டேஜ் எல்லை தாண்டினால் நின்றுவிடும். "சும்மா சும்மா நிக்குதுண்ணே" என்று குறைப்படுகிறார்கள். நிற்பதால்தான் அது பிழைக்கிறது.

ஐப்பசியில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் அய்யா ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கித் திண்ணையில் வைத்துவிடுவார். இப்போது இடிக்கு எஸ்.பி.டி. என்று ஒரு கருவி போர்டில் மாட்டுகிறார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

எர்த்தைப் பற்றி எங்களுக்கு எப்போதும் பெரிய அக்கறை கிடையாது. உப்பும் கரியும் போட்டுக் குழாய் புதைத்திருப்போம். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்ற மாட்டோம். மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுறா" என்பதே ரிப்பேர். மனிதர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பெட்டி பொறுக்காது, எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு மறுத்துவிடும். மனுஷனுக்குத் தோண்டாத குழியைக் காருக்காகத் தோண்டினோம். அந்தப் புண்ணியத்தில் வீட்டு கிரைண்டரும் அடிப்பதை நிறுத்தியது.

1990 முதல் விவசாயத்துக்குக் கரண்டு இலவசம். "தோட்டத்துக் கனெக்‌ஷன்லயே காரைச் சொருகுனா என்ன மாப்ளே?" என்று மாமா கேட்டார். கார் தண்ணீர் இறைக்காது, அபராதம்தான் இறைக்க வேண்டிவரும் என்றேன். அவருக்கு இன்னும் வருத்தம்.

7.2 கிலோவாட் பெட்டி 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். அதற்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் வெட்டும் ஆர்.சி.டி., டிசி கசிவையும் பிடிக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். வீட்டு லோடையும் கூட்டி மின் வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தினம் தேனிக்கும் கம்பத்துக்குமாகப் போய்வருகிறவருக்கு இவ்வளவு வேகம் தேவையே இல்லை. 15 ஆம்பியர் பிளக்கில் இரவு எட்டு மணி நேரம் போட்டாலே இருபத்தைந்து யூனிட் ஏறும். அது போய்வந்தும் மிஞ்சும். தனி லைன் இழுத்து நல்ல பிளக்காகப் போடுங்கள். மிச்சப் பணத்தில் எர்த் குழி தோண்டுங்கள், சித்திரையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.