இணைப்பு: மொய் நோட்டு ஒன்று

பெறுநர்: உணவுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

ஐயா,

என் மகள் கல்யாண வரவேற்பில் சாப்பிட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரியில் வரிசை கட்டியது தாங்கள் அறிந்ததே. மூன்றாம் நாளே ஜீப்பில் வந்து இறங்கினீர்கள். அதற்குள் இலைகளை மாடு தின்றிருந்தது. அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி வாடகைப் பாத்திரக்காரர் ஏற்றிப் போயிருந்தார். ஆனாலும் தாங்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் இரண்டையும் ஒரு பாக்கெட் கல்லுப்பையும் சாட்சிகள் முன்னிலையில் சீல் வைத்து எடுத்துப்போனீர்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். உப்பு உப்புதான் என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அவசரப்பட்டால் தப்பு வந்துவிடும் அல்லவா!

யார் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் தாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அந்த வேலையை எங்கள் அத்தை எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு. மொய் நோட்டை விரித்துவைத்து, பேருக்குப் பேர் போன் போட்டார். "பாசந்தி சாப்டியாடா? எத்தன மணிக்கு எடுத்த?" சாப்பிட்டவருக்கு ஒரு புள்ளி, படுத்தவருக்கு ஒரு சுழி. புள்ளி இருந்த இடத்தில்தான் பெரும்பாலும் சுழி. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி. சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள், எங்கள் சம்பந்தி ஒருவரைத் தவிர. "தொடவே இல்லை" என்று சாதித்தார். சம்பந்தியம்மாள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அத்தை மறுபடி கூப்பிட்டார். இரண்டு கப்.

காலை பதினோரு மணிக்குக் காய்ச்சிய பாசந்தி பந்திக்கு வந்தது ராத்திரி எட்டுக்கு. நடுவில் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. கிளறியவர் விரலில் புண்ணுக்குக் கட்டு. "திரும்ப சுட வச்சுத்தானே போட்டோம்" என்கிறார் சமையல் கான்ட்ராக்டர். புண்ணில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி சூட்டில் சாகும். அது கக்கிவைத்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1940 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆஸ்வீகோ வட்டாரத்தில் ஒரு தேவாலய விருந்து. 75 பேரை உட்காரவைத்துக் கேட்டார்கள். 46 பேர் படுத்திருந்தார்கள். வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய், சாப்பிடாத 21 பேரில் மூவருக்குத்தான். அந்தக் கணக்குக்குப் பேனாவும் காகிதமும் போதும். நோய்ப்பரவல் படிப்பவர்களுக்கு இன்றும் அது பாடம். அந்த வகுப்பன்று தாங்கள் லீவில் இருந்திருக்கலாம்.

மொய் நோட்டை அசலாகவே இணைத்திருக்கிறேன். சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆவணியில் நான்கு கல்யாணம் வருகிறது; யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்