யந்திர கைங்கரியம்

1965-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேனார்ட் நகரத்துப் பழைய கம்பளி ஆலையொன்றில் ஜனித்து, 18,000 டாலருக்கு விலைபோன பி.டி.பி.-8 என்னும் கணிப்பொறிக்கு இன்று ஜீர்ணோத்தாரணம் செய்யப் புகும் பக்தர், எடுத்த எடுப்பில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை என்ற விரதத்தை முதலில் பூணுகிறார். பல்லாண்டு உறங்கிய மின்தேக்கிகளுக்கு, நெடும்பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி வார்ப்பதுபோல், வோல்ட்டைச் சிறுகச் சிறுகத்தான் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

அந்தக் கண்டம் தப்பினால் டெலிடைப் காத்திருக்கிறது. ஏ.எஸ்.ஆர்.-33 என்ற நாமதேயம் கொண்ட அந்த மகானுபாவர், விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் வீடே அதிர அச்சடிப்பவர். அவருடைய சுத்தியல் நுனியிலிருந்த ரப்பரோ காலகதியில் உருகிப் பிசினாகியிருக்கும். அதைச் சுரண்டியெடுத்து, முன்பலகை ஸ்விட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளித் தொடக்க நிரலைப் புகுத்தி, காகித நாடாவை ஊட்டி, 4,096 சொற்களே கொள்ளும் காந்த வளைய நினைவகத்தைத் துயிலெழுப்பிய பின், ஊண் உறக்கம் மறந்த நம் பக்தர், ஏழோடு ஒன்றைக் கூட்டுமாறு விண்ணப்பிக்கிறார். 10 என்று அச்சாகிறது. இல்லத்தரசி திகைத்து நிற்க, எட்டின் அடிமானக் கணக்கில் அதுதான் சரியான விடை என்று அவர் ஆனந்த பாஷ்பம் சொரிகிறார்.