மாவுக்கட்டும் மொய் நோட்டும்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. எங்களிடம் எதுவும் சேராமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் ‘இரவு’. தகுந்த ஆளாகப் பார்த்துக் கேள், தப்பில்லை என்கிறார் வள்ளுவர். அடுத்த அதிகாரம் ‘இரவச்சம்’. கேட்காமல் இருப்பது கோடி பெறும் என்று அங்கே தட்டை மாற்றிப் போடுகிறார். கடையநல்லூரில் எங்கள் அப்பா வைத்திருந்த புத்தகத்தில் 106-ஐக் கரையான் அரித்திருக்க வேண்டும்.

அந்த வம்சத்தில் வந்தவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து, கட்டுப்படியாகிற வாடகையைத் துரத்திக்கொண்டு மேற்கே மேற்கே நகர்ந்து, கடைசியில் ஆவடியும் தாண்டிக் கோவில்பதாகையில் கரையொதுங்கினேன்.

ஆவடி வட்டாரம் ஒரு தினுசு. டேங்க் ஃபேக்டரி, க்ளோதிங் ஃபேக்டரி இரண்டும் 1961-இல் வந்தவை. ஏர்ஃபோர்ஸ், சிஆர்பிஎஃப், சிறப்புக் காவல் படை என்று காக்கியும் நீலமும் இங்கே ஏராளம். அதனால் தெருவில் யாரை விசாரித்தாலும் சொந்த ஊர் வேறாக இருக்கும். காங்கிரஸ் மாநாடு 1955 ஜனவரியில் இங்கேதான் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. நாட்டில் அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அமலுக்கு வந்துவிட்டது. ஏணி, ட்ரில்லிங் மெஷின், கறிவேப்பிலை மரம், ஒரே ஒரு தினத்தந்தி, எல்லாம் பொதுவுடைமை. 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆகிவிட்டாலும் எங்கள் தெருவில் நடப்பது பஞ்சாயத்துதான்.

இதில் சேராத ஒரே தனியுடைமைவாதி நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, தெருவே எதிர்வீட்டு இன்வெர்ட்டரில் வரிசை கட்டி செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டது. நான் மட்டும் செத்த போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருட்டில் பிஸ்கட்டைக் கடித்தபடி, சுயமரியாதையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று வீடுகளிலிருந்து “சாப்டியாப்பா?” என்று கேட்டார்கள். மூன்று பேரிடமும் “ஆச்சு” என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் கேனும் கையுமாகப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது காலில் மாவுக்கட்டு. அம்மா போனில், “ஏல, நான் இப்பவே பொதிகையில ஏறுதேன்” என்றாள். “எம்மா, வராத, லேசான சுளுக்குதான்” என்றேன். மூட்டுவலிக்காரி ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்து எழும்பூரில் இறங்கினால், அவளைக் கூட்டி வரவே இன்னொரு ஆளிடம் உதவி கேட்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியவர் டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய நான், “பரவால்ல சார், நானே மெதுவா ஏறிக்கிறேன்” என்று இழுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, நாப்பத்தோரு டன் வண்டிய ஏத்தி எறக்குனவன் நான். நீ எழுபது கிலோ. கம்முனு வா.” இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, லெஃப்ட், ரைட், நிறுத்து, தூக்கு என்று உத்தரவு போட்டார். டி-72 டேங்க் மாடிக்கு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தும் பிரயோஜனமில்லாமல் போயிற்று. காலையில் மேல்வீட்டு அம்மாவின் இட்லி. மத்தியானம் பக்கத்துவீட்டுச் சேச்சியின் கஞ்சியும் பயறும். அவர் கணவர் ஏர்ஃபோர்ஸில் எங்கோ வடக்கே இருக்கிறார். சாயங்காலம் பெரியவர் வந்து கைத்தாங்கலாக பாத்ரூம் வரை கூட்டிப் போவார். கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று, டேங்க்கின் கியர் பாக்ஸைப் பற்றி உரக்கப் பேசுவார். எனக்கும் உள்ளேயிருந்து “ஓ, அப்படியா சார்!” என்று குரல் கொடுத்தாக வேண்டும். பாத்ரூமுக்குள் இருந்தபடி ராணுவத் தளவாடங்களில் இவ்வளவு ஆர்வம் காட்டிய மனிதன் வேறு யாரும் இருக்க முடியாது.

பாத்திரங்கள்தான் சிக்கல். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது கடையநல்லூரில் சட்டம். சமைக்க முடியாதவன் எதைப் போட்டுக் கொடுப்பான்? போனில் ஆர்டர் செய்து மிக்சர் பாக்கெட்டைப் போட்டு அனுப்பினேன். மேல்வீட்டு அம்மா பதிலுக்குக் கேசரி கிண்டினார். நான் அரைக் கிலோ மைசூர்பாகு. அவர் பால் பாயசம். நடுவில் சேச்சி நேந்திரங்காய் சிப்ஸோடு களத்தில் இறங்கினார். பீரங்கி செய்கிற ஊரில் ஆயுதப் போட்டி மூள எவ்வளவு நேரமாகும்? என் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் நோட்டுப் போட்டேன். இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறிச் சோறு போட்டு, வந்தவர்களின் மொய்யை வாங்கி நோட்டில் எழுதி வைத்து, அவரவர் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வது வழக்கம். பணம் எண்ணும் மெஷின்கூட வந்துவிட்டது. கைநீட்டி வாங்கினவன் தலைநிமிர்ந்து நடக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. நானும் அதே முறையில் வீடு வாரியாக எழுதினேன். இட்லிக்கு நாலு மார்க். கஞ்சிக்கு மூன்று. கைத்தாங்கலுக்கு இரண்டு.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் அந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டார். நான் கண் விழித்தபோது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். இப்படிக் கணக்குப் பார்க்கிறாயே, வெட்கமாயில்லையா என்று கேட்பார் என நினைத்தேன்.

“ஏன் தம்பி, அந்தம்மா இட்லிக்கு நாலு, எனக்கு ரெண்டா? தெனமும் சட்னியில உப்பு வேற இல்லன்னு நீயே சொன்ன!”

விஷயம் ராத்திரிக்குள் மேல்வீட்டுக்கு ஏறிவிட்டது. மறுநாள் இட்லி வந்தது, சட்னி வரவில்லை. சேச்சி என்னைப் பார்த்து, “எனக்கு மூணுதானா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு, நோட்டைத் தானே எடுத்துப்போய் மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டார். பின்பக்கம் நிறையத் தாள் காலியாக இருந்ததாம்.

கட்டுப் பிரித்தாயிற்று. போன வாரம் பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷன். பையன் டெக்சாஸில் இருக்கிறான். பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். “வேணாம் தம்பி, உனக்கு எதுக்குச் சிரமம்? நானே ஷேர் ஆட்டோ புடிச்சுப் போய்க்கிறேன்” என்றார். எழுபது வயது, ஒரு கண் மங்கல், ஷேர் ஆட்டோ! “சார், நீங்க அறுபத்தஞ்சு கிலோ. கம்முனு ஏறுங்க” என்றேன். ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் பெட்ரோலுக்குக் காசு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோவில்பதாகைப் பக்கம் தனியாக வாடகைக்கு வருகிறவர்களே, ஏணி எதிர்வீட்டில் இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள். எடுத்த இடத்தில் ஏணியைத் திருப்பி வைத்துவிடுங்கள். மேல்வீட்டு எவர்சில்வர் டப்பாவை மறுநாளே கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் சண்டை வருவது அதற்குத்தான்.